பின்னால் நிற்கும் பிள்ளைக்கு என்ன விருது?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். பத்து வயது மகள் எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் லீகின் சியர்லீடிங் டீமில், அதாவது கோஷமும் ஸ்டன்ட்டுமாக ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்தும் டீமில், இருக்கிறாள். 8 முதல் 11 வயது வரை 19 பெண் பிள்ளைகள். டிசம்பரில் சீசன் முடிவு விருந்து. போன வருஷம் மூன்று பேருக்கு மட்டும் கோப்பை கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்களாம். இந்த முறை ஆளுக்கொரு விருது, அதுவும் புதுமாதிரியாக இருக்க வேண்டும் என்று சொல்லி, கோச் பொறுப்பை என்னிடமும் இன்னொரு அம்மாவிடமும் விட்டுவிட்டார். கையில் 150 டாலர், மூன்று வாரம். இன்னும் நான்கு பயிற்சி நாட்கள் இருக்கின்றன. எனக்கு இந்த விளையாட்டே புதிது. என் மகள் பேக் ஸ்பாட் என்கிறார்கள். அது பெரிய இடமா, சின்ன இடமா என்றுகூடத் தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஸ்டன்ட் என்றால் ஒருத்தியை மற்றவர்கள் சேர்ந்து தூக்கி நிறுத்துவது. ஒரு ஸ்டன்ட் குழுவில் பொதுவாக நாலு பேர். மேலே ஏறுகிறவள் ஃப்ளையர். அவள் பாதங்களை இரண்டு பக்கமும் தாங்குகிற இருவர் பேஸ். பின்னால் நிற்கிறவள் பேக் ஸ்பாட். ஃப்ளையரின் கணுக்காலைப் பிடித்துப் பாரத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்வாள். எல்லோரும் ஒரே நேரத்தில் அசைய சத்தமாக எண்ணிக் கவுன்ட் சொல்வதும் பெரும்பாலும் அவள்தான். மேலே நிற்பவள் சரிந்தால் தலையும் தோளும் தரையில் படாமல் ஏந்துவது அவள் வேலை. ஸ்டன்ட் இறங்கி முடியும்வரை மேலே பார்த்த கண்ணை அவள் எடுக்கக் கூடாது. கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கோ அவள் முகமே தெரியாது.

போன வருஷக் கோப்பைகள் யார் யாருக்குப் போயின என்று விசாரித்துப் பாருங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு ஃப்ளையர்களுக்குப் போயிருக்கும். கண்ணில் படுகிறவளுக்கே பரிசும் போவது இந்த விளையாட்டில் ரொம்பச் சுலபம். ஆளுக்கொன்று என்று மாற்றினாலும் இது தானாகச் சரியாகாது. ஃப்ளையருக்கு ‘ஸ்டார் ஆஃப் த சீசன்’, பேஸுக்கு ‘பெஸ்ட் ஸ்மைல்’ என்று எழுதினால் எது நிஜப் பரிசு, எது ஒப்புக்குக் கொடுத்தது என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

அதனால் விருதின் பெயரை முதலில் யோசிக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். பெயர் அதிலிருந்து வரும். வாக்கியத்துக்கு இரண்டு கோச்சுகளையும், பயிற்சிக்கு உதவ வரும் பெரிய வகுப்புப் பெண்களையும் கேளுங்கள். பிள்ளைகள் பேசிக்கொள்வது அந்தப் பெண்களுக்குத்தான் அதிகம் தெரியும். “இவளைப் பற்றி என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டால் பத்தொன்பது தடவையும் “நல்ல பிள்ளை, கஷ்டப்பட்டு உழைப்பாள்” என்றுதான் வரும். “இந்த சீசனில் அவள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள், எந்த நாள், எங்கே?” என்று கேளுங்கள்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகும் இரண்டு மூன்று பெயர்களுக்கு நேரே காலியாக இருக்கும். 19 பேரில் நாலு குழுவுக்கு 16 போனால் மூன்று பேர் மிச்சம். முன்னால் நின்று தாங்க உதவும் முன்பக்க ஸ்பாட்டாகவோ, ஓரத்தில் ஜம்ப் மட்டும் செய்பவர்களாகவோ இருக்கும் அந்த மூவர்தான் பெரும்பாலும் விடுபடுவார்கள். மீதமிருக்கும் நான்கு பயிற்சிக்கும் ஒரு நோட்டோடு போய் உட்கார்ந்து அவர்களை மட்டும் பாருங்கள். உங்கள் மகளைப் பார்க்காதீர்கள்.

வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

“நம் டீம் 0–28 என்று தோற்றுக்கொண்டிருந்தது. மழை வேறு. நாலாவது குவார்ட்டரில் வரிசையே வாய் மூடிவிட்டது. அப்போது ‘டிஃபென்ஸ்’ என்று முதலில் கத்தியது இவள்தான். இரண்டாவது தடவை எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.”

இதற்கு ‘ஃபோர்த் குவார்ட்டர் விருது’ என்ற பெயர் தானாக வந்துவிடுகிறது. இப்படியே, எல்லோரும் தடுமாறும்போது சத்தமாக எண்ணி இழுத்துச் சேர்த்தவளுக்கு ‘ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட்’. ஸ்டன்ட் விழுந்ததும் அழாமல் “இன்னொரு தடவை” என்று முதலில் கை நீட்டியவளுக்கு ‘ஒன் மோர் டைம்’. பையில் எப்போதும் நாலு ஹேர் டை (முடி கட்டும் பேண்ட்) கூடுதலாக வைத்திருப்பவளுக்கு ‘ஹேர் டை பேங்க்’. சிரிப்பும் வரும், உண்மையும் இருக்கும். ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டி மறுகாலை மடக்கும் ஜம்ப்பை சீசன் முழுக்கப் பழகிப் பிடித்தவளுக்கு ‘ஹெர்கி விருது’. அந்த ஜம்ப்புக்குப் பெயர் தந்தவர் லாரன்ஸ் ஹெர்கிமர். 1948இல் நேஷனல் சியர்லீடர்ஸ் அசோசியேஷனைத் தொடங்கியவர். சியர்லீடர்கள் கையில் பிடித்து ஆட்டும் குஞ்சமான பாம்பாமுக்குக் காப்புரிமை வாங்கியவரும் அவரே. இதை மேடையில் ஒரு வரி சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

சில விருதுகளை வேண்டாம் என்றே சொல்வோம். உடம்பைத் தொடுகிற எதுவும் வேண்டாம்: குட்டி ஃப்ளையர், உயரமான பேக் ஸ்பாட், ‘ஸ்நாக் ராணி’ எல்லாம் இதில் சேர்த்தி. ‘மோஸ்ட் இம்ப்ரூவ்டு’ பெரியவர்களுக்குப் பாராட்டு. பிள்ளையின் காதில் “முன்னே நீ மோசம்” என்று விழும். அதற்குப் பதில் எதைக் கற்றுக்கொண்டாள் என்று சொல்லிவிடுங்கள். இடது வலது தெரியாமல் குழம்பியவளுக்கு ‘தி அதர் லெஃப்ட்’ என்று வைத்தால் அரங்கம் சிரிக்கும், அவள் சிரிக்க மாட்டாள். வருகைப்பதிவு விருதும் தேவையில்லை. எட்டு வயதுப் பிள்ளை தானாகக் காரோட்டி வருவதில்லை. அது அப்பா அம்மாவுக்குத் தர வேண்டிய பரிசு. பிள்ளைகளை ஓட்டுப் போடச் சொன்னால் யாருக்கு அதிகத் தோழிகள் என்பது மட்டும்தான் தெரியவரும்.

இனி செலவு. தலைக்கு 5 டாலர் வைத்தால் 95. மிச்சம் 55 கோச்சுகளுக்கும், கெட்டுப்போவதை ஈடுகட்டவும். நடுவில் 2 அங்குல வட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிற மெடல்களாகப் பார்த்து 21 வாங்குங்கள், இரண்டு உபரி. ஸ்டிக்கரை வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தால் வியர்வைக் கையில் மை கரையும், கடையில் லேசரில் அடித்து வாங்குங்கள். ரிப்பன் மெடலோடு வராவிட்டால், டீம் நிறத்தில் 7/8 அங்குல க்ரோக்ரெய்ன் (grosgrain, குறுக்கே வரி ஓடும் கெட்டி நெய்வு) ரிப்பன் ஆளுக்கு 32 அங்குலம். 19 பேருக்கு 17 கஜம் ஆகும், 20 கஜமாக வாங்கிவிடுங்கள். முனையைச் சாய்வாக வெட்டி லைட்டர் சுடரில் ஒரு நொடி காட்டினால் நூல் பிரியாது. இது பாலியெஸ்டருக்கு மட்டும். பருத்தி ரிப்பன் பற்றிக்கொள்ளும். முனைகளை ஒட்டாமல் நாலு தையல் போடுங்கள். பசை போட்டது பார்க்கிங் வருவதற்குள் பிரிந்துவிடும்.

சான்றிதழில் அந்த வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் விருதின் பெயர் மட்டும் போதும். லெட்டர் அளவுத் தாளில் இரண்டாக அடித்து வெட்டினால் பத்துத் தாள் போதும். 65 பவுண்டு கார்டுஸ்டாக் என்ற கெட்டித் தாள் வீட்டு பிரிண்டரிலேயே பெரும்பாலும் ஓடும். அதைவிடக் கெட்டியான 110 பவுண்டு ஆசைப்பட்டு வாங்கினால், முன்பக்கத் தட்டிலிருந்து தாளை வளைத்து இழுக்கும் பிரிண்டர்களில் சிக்கும்.

பெயர் எழுத்துப் பிழைதான் விருந்து மேசையில் முதலில் பேசப்படும் விஷயம். பதிவுப் பட்டியலை நம்பாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா பெயர் கடைசிப் பெயராக வந்து, கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மெசேஜ்: “சான்றிதழில் பெயர் எப்படி வர வேண்டும்? எப்படி உச்சரிக்க வேண்டும்?” பதிலை அப்படியே வெட்டி ஒட்டுங்கள். மைக் பிடிப்பவரின் அட்டையில் உச்சரிப்பையும் எழுதிக் கொடுங்கள். கூடவே, படம் இணையத்தில் போடலாமா என்றும் இப்போதே கேட்டுவிடலாம்.

டீமுக்குப் பொதுவாக ஒன்று செய்ய ஆசையிருந்தால், டீமின் உற்சாகத்துக்கு அடையாளமான கம்பு, ஸ்பிரிட் ஸ்டிக், செய்யலாம். 1 அங்குல விட்டமுள்ள மரக் கம்பு, ஓரடி நீளம், அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட், மேலே 19 கையெழுத்து. மார்க்கர் எழுத்தின் மேல் பிரஷ்ஷால் வார்னிஷ் அடித்தால் எல்லாம் இழுபட்டுக் கலங்கிவிடும். ஸ்ப்ரே வார்னிஷை மெல்லிசாக மூன்று தடவை அடியுங்கள். அந்தக் கம்பு தரையில் படக் கூடாது என்பது சியர் உலகத்து நம்பிக்கை, சாமிப் படத்தைக் கீழே வைக்காத மாதிரி. மேசை ஓரத்தில் வைத்துவிடாதீர்கள்.

வழங்கும் நேரம் சாப்பாட்டுக்குப் பின், கேக்குக்கு முன். ஆளுக்கு 45 நொடி என்றால் கால் மணியில் முடிந்துவிடும். அகர வரிசையில் கூப்பிடாதீர்கள், ‘பெரிய’ விருதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். ஸ்டன்ட் குழு குழுவாகக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் பெயர் பேக் ஸ்பாட், பிறகு பேஸ் இருவர், கடைசியில் ஃப்ளையர். குழுவில் சேராத மூவரையும் நடுவில், இரண்டாவது குழுவுக்கு அப்புறம் கூப்பிட்டுவிடுங்கள். கை உடைந்து பாதியில் உட்கார்ந்த பிள்ளை இருந்தால் அவளும் அவள் குழுவோடுதான் ஏற வேண்டும். வராத பிள்ளையின் வாக்கியத்தையும் சத்தமாகப் படித்துவிட்டு, மெடலை அந்த வாரமே வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

உங்கள் மகளின் வாக்கியத்தை நீங்கள் எழுத வேண்டாம். அந்த இன்னொரு அம்மா எழுதட்டும், அவர் மகளுடையதை நீங்கள் எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் உங்கள் மகளின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயருக்குக் கீழே உள்ள வாக்கியத்தை அன்று மைக்கில் கேட்டுக்கொள்ளலாம்.