கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 43. குடியாத்தம் பக்கம் கிராமம். வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். எட்டு மாதமாக வலது பக்கக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை இறுக்கிப் பிடிக்கிறது, இடுப்பும் விண்விண் என்று தெறிக்கிறது. எக்ஸ்ரே எடுத்தோம், தேய்மானம் என்றார்கள். கழுத்துப் பட்டை போட்டேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் கேட்கிறது, விட்டால் திரும்ப வந்துவிடுகிறது. மாமியார் வலது பக்கம் வாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். அதில் எனக்கொன்றும் சிரமமில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொள்வார், ஒரே தம்மில் தூக்கி உட்காரவைத்துவிடுவேன். வீட்டு ஆண்களுக்கு அது வராது. இவர் பேரணாம்பட்டில் தோல் கம்பெனிக்குப் போகிறார். பையன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறான். இயற்கை முறையில் என்ன எண்ணெய் தேய்க்கலாம், என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: எண்ணெய்க்கு அப்புறம் வருகிறேன். வலியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, வலியின் காரணத்தைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிப் போயிருக்கிறீர்கள். "என் கழுத்தைக் கட்டிக்கொள்வார்."

மாமியாருக்கு விழுந்துபோனது வலது பக்கம். அப்படியானால் கட்டிக்கொள்வது இடது கையால். நீங்கள் எதிரே குனியும்போது அந்தக் கை உங்கள் வலது தோளின் மேல் விழுந்து பிடரியைப் பிடிக்கும். உங்களுக்கு வலி வலது பக்கம்! ஐந்து கிலோ தலையைத் தாங்குவதற்காக அமைந்த கழுத்தில் ஒரு பெரிய மனுஷியின் பாதி உடம்பைத் தொங்கவிட்டு நிமிர்கிறீர்கள். அதே நேரத்தில் இடுப்பை வளைத்து, பாரத்தை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பதால், தூக்கும் எடையைப்போல் பல மடங்கு கீழ்முதுகில் இறங்குகிறது. சாப்பாடு, மருந்து, துடைப்பது, துணி மாற்றுவது என்று நாளெல்லாம் இதே கதைதான். எந்தத் தைலம் இதற்கு ஈடுகொடுக்கும்?

இன்றிலிருந்து தூக்குவது கிடையாது. உருட்டுவதுதான். கட்டிலில் மாமியாரின் இடது பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் முதலில் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் நிற்க வேண்டியது அவருடைய நல்ல பக்கத்தில். அவருடைய வலது முழங்காலை மடக்கி வையுங்கள், வலது கையை எடுத்து வயிற்றின்மேல் வையுங்கள். ஒரு கையை வலது தோள்பட்டை எலும்பிலும் இன்னொன்றை வலது இடுப்பிலும் வைத்து உங்கள் பக்கம் உருட்டுங்கள். ஒருக்களித்ததும் இரண்டு கால்களையும் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். பிறகு அவர் தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. "இடது முழங்கையை ஊன்றுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, உங்கள் முழங்காலை மடக்கி, பின்காலிலிருந்து முன்காலுக்கு எடையை மாற்றுங்கள். கால்கள் கீழே இறங்கும் பாரமே மேலுடம்பை எழுப்பிவிடும். உட்கார்ந்ததும் தலைசுற்றல் வரலாம், ஓரிரு நிமிடம் பிடித்துக்கொண்டே இருங்கள். பாதம் தரையில் படவில்லை என்றால் கீழே மணை போடுங்கள்.

அந்த வலது கையை மட்டும் யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. வாதம் வந்த தோளில் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு இறங்கிவிடும்.

கயிற்றுக் கட்டில் தொய்ந்து குழியாகியிருந்தால் மேலே பலகை போட்டு மெத்தை விரியுங்கள். குழியிலிருந்து ஆளை உருட்ட முடியாது. கட்டில் தாழ்வாக இருந்தால் குனிந்து நிற்காமல் ஒரு முழங்காலைக் கட்டில்மேல் ஊன்றிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சறுக்கிக் கீழே வந்தவரைத் தலைமாட்டுக்கு ஏற்றுவதுதான் இடுப்பை ஒடிப்பது. அதைத் தனியாள் செய்யவே கூடாது. பழைய வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் வருகிற மாதிரி அவருக்கு அடியில் விரித்துவையுங்கள். பக்கத்துக்கு ஒருவர் நின்று, வேட்டியின் ஓரத்தை உடம்புக்கு நெருக்கமாகச் சுருட்டிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும்.

அந்த இரண்டாவது ஆள் பக்கத்து வீட்டுப் பெண் அல்ல, உங்கள் மகன். "ஆண்களுக்கு அது வராது" என்கிறீர்களே, உங்களுக்கு மட்டும் பிறவியிலேயே வந்ததா? டிப்ளமோ படித்தவனுக்கு வேட்டியின் ஓரத்தைப் பிடிக்கத் தெரியாதா? துடைத்துவிடுவதில் கூச்சம் என்றால் அதை நீங்கள் செய்யுங்கள், சரி. உட்காரவைப்பதிலும் நகர்த்துவதிலும் என்ன கூச்சம்? உங்கள் கணவருக்கு அவர் பெற்ற தாய். கம்பெனி விட்டு வந்தபின் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரவைப்பதும், படுக்கும்முன் புரட்டிப் படுக்கவைப்பதும் மகனாகப் பிறந்தவரின் கடமை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் திருப்ப வேண்டியவரை ஒரே ஆள் எப்படிச் சமாளிப்பது? மருமகள் வந்துவிட்டாள் என்பதற்காகப் பெற்ற பிள்ளையின் பங்கு தீர்ந்துவிடாது. அதைக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்குக் கோபமே அதில்தான்.

இனி பீடி. மடியில் முறத்தை வைத்துத் தலையைத் தொங்கப்போட்டு ஆயிரம் சுற்றினால் யாருக்கும் கழுத்து பிடிக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து, இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு வையுங்கள். முறத்துக்கு அடியில் தலையணை கொடுத்து உயர்த்தினால் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், தோள் தூக்கிக்கொள்ளாது. அரை மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். அப்போதே மோவாயைத் தலை குனியாமல் நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணும் வரை வைத்து விடுங்கள், பத்து முறை. தோள்பட்டை இரண்டையும் பின்னால் ஒன்றோடொன்று சேர்த்து அதேபோல் பத்து முறை. கழுத்தை வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

எண்ணெய் கேட்டீர்கள். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் போதும், விலை கொடுத்து வேறெதுவும் வாங்காதீர்கள். தேய்த்தபின் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் ஒத்தடம். இது இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். கழுத்துப் பட்டையைக் கழற்றிவையுங்கள். மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை சோம்பிப்போகும். சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை நாள்பட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. தேய்மானம் என்ற சொல்லுக்கும் பயப்படாதீர்கள். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை எக்ஸ்ரே எடுத்தாலும் அது பலருக்குத் தெரியும்.

கை மரத்துப்போனாலோ, நூல் சுற்றும்போது விரலில் பிடி நழுவினாலோ, நடை தடுமாறினாலோ, காய்ச்சலோடு வலி வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், குடியாத்தம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதிவு செய்யுங்கள். இயன்முறை மருத்துவர் வருகிற அன்று நீங்கள் அடுப்படியில் இருங்கள், கட்டிலருகே நின்று கற்றுக்கொள்ள வேண்டியவன் உங்கள் மகன்.