பி.எச். ஒன்று, ஆசிட் செலவு வேறு: ஏன்?

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் ஒன்றரை ஏக்கர் தக்காளி, சொட்டுநீர்ப் பாசனம். டிரிப்பர்கள் வெள்ளை பூத்து அடைக்கின்றன. போர் தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) 8.2. கடையில் சொன்னபடி 1,000 லிட்டர் டேங்கில் 200 மி.லி. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றினேன். பி.எச். 7-க்குப் பக்கத்திலேயே நின்றது, மறுநாள் 7.6 ஆகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரும் 8.2தான், அங்கே 150 மி.லி.யிலேயே 6 வந்தது. எனக்குக் கிடைத்தது கலப்பட ஆசிட்டா? இரண்டு மடங்காக ஊற்றலாமா ஐயா?

பதில்: ஆசிட் மீது சந்தேகம் வேண்டாம். பி.எச். ஒன்றாக இருந்தாலும் இரண்டு போர்களில் பைகார்பனேட் (தண்ணீரில் கரைந்திருக்கும் ஒரு கார உப்பு) ஒரே அளவில் இருக்காது. ஊற்றுகிற ஆசிட்டைத் தின்பது அதுதான். அது தீரும்வரை பி.எச். 7-க்கும் 6-க்கும் நடுவில் நகர மாட்டேன் என்று நிற்கும். தீர்ந்ததும் 5-க்குக் கீழே சரசரவென்று விழும். பஃபர் தன்மை என்று சொல்வது இதைத்தான். மறுநாள் ஏறியது ஏனென்றால், ஆசிட் கிளப்பிய கரியமில வாயு டேங்கிலிருந்து வெளியேறிவிட்டது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, உங்கள் தண்ணீர் எவ்வளவு ஆசிட் தின்னும் என்பதை. டைட்ரேஷன், அதாவது ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அளக்கும் சோதனை, செய்தால் அரை மணியில் தெரிந்துவிடும். 990 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் உங்கள் கேனிலிருந்து 10 மி.லி. ஆசிட் விடுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் விடவே கூடாது. போரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாத்திரத்தில் 1 லிட்டர் பிடித்து, கலந்த ஆசிட்டைச் சிரிஞ்சில் 5 மி.லி. வீதம் விட்டுக் கலக்கி, ஒவ்வொரு தடவையும் பி.எச். எழுதுங்கள். 5.5-க்குக் கீழே வந்ததும் 1 மி.லி.யாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் இலக்கைத் தாண்டிவிடும். 4.5-இல் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மி.லி.க்கும் 1,000 லிட்டருக்குக் கேன் ஆசிட் 10 மி.லி. என்று கணக்கு. 80 மி.லி. செலவானால் 800 மி.லி. வேண்டும், கடைக்காரர் சொன்ன 200 அதில் கால் பங்குதான். சோதனைக்கும் வயலுக்கும் ஒரே கேன் என்பதால் ஆசிட் எத்தனை சதவீதம் என்ற கவலையே இல்லை.

மீட்டர் பொய் சொன்னால் இவ்வளவும் வீண். பலர் 7.0 பஃபரில் (பி.எச். தெரிந்த சோதனைக் கரைசல்) மட்டும் முக்கிச் சரிபார்க்கிறார்கள். அப்போது 7-இல் சரியாகக் காட்டும் மீட்டர் 4.5-இல் அரைப் புள்ளி தவறலாம். 7.0, 4.0 இரண்டு பஃபர் தூளையும் பாக்கெட்டில் எழுதிய அளவு டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, முதலில் 7, கழுவிவிட்டு 4 என்று சரிசெய்யுங்கள். மீட்டரை முக்கி எடுத்த பஃபரைத் திரும்ப பாட்டிலில் ஊற்றாதீர்கள். மீட்டர் முனையைக் காயவிடாதீர்கள், டிஸ்டில்டு வாட்டரில் ஊறவும் வைக்காதீர்கள். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் இருக்கட்டும். பூச்சிமருந்துக் கடையில் விற்கும் ‘பி.எச். பேலன்சர்’ பாட்டிலில் எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள். உங்கள் தண்ணீரைச் சோதிக்காமல் ‘டேங்குக்கு இத்தனை மி.லி.’ என்று யார் சொன்னாலும் அது வெறும் ஊகம்.

அடைப்புக்கு வருவோம். படிவின் மேல் ஒரு சொட்டு ஆசிட் விடுங்கள். நுரைத்தால் கார்பனேட், நுரைக்காமல் கரைந்தால் உரத்தின் பாஸ்பேட் சேர்ந்திருக்கலாம். இரண்டையும் ஆசிட் கரைக்கும். ஆனால் தினமும் ஊற்றாதீர்கள், குளோரைடு சேர்ந்து தக்காளி வேரைப் பாதிக்கலாம். கழுவுவதற்கு மட்டும் முழு அளவு: சோதனையில் 800 மி.லி. வந்திருந்தால், மணிக்கு 5,000 லிட்டர் ஓடும் லைனில் மணிக்கு 4 லிட்டர் ஆசிட் என்ற வேகத்தில், தண்ணீரில் கலந்து வெஞ்சுரியில் (லைனுக்குள் மருந்தை உறிஞ்சிவிடும் கருவி) விட்டு, கடைசி டிரிப்பரில் பி.எச். 4.5 வந்ததும் மோட்டாரை நிறுத்தி இரவு முழுக்க விடுங்கள். காலையில் லேட்டரல் (டிரிப்பர் பொருத்திய சிறு குழாய்) மூடிகளைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட்டுங்கள். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போடுகிறவர் என்றால் ஆசிட்டோடு ஒரே நாளில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.