மகன் நிரப்பிய படிவம்

கேள்வி: நியூ ஜெர்ஸியில் வசிக்கிறோம். 2019-இல் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. சிறுவயதில் எங்களோடு இந்தியாவிலிருந்து வந்த மகனுக்கு இப்போது 18 வயது. கூசாமல் பொய் சொல்கிறான். நூலகம் போவதாகச் சொல்லிவிட்டு எங்கெங்கோ சுற்றுகிறான். முன்பு எவ்வளவு ஒத்தாசையாக இருந்தான்! போன வருடம் ஃபெடரல் நீதிமன்றத்திலிருந்து ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழு) பணிக்கான படிவம் வந்தபோது, 'ஆங்கிலம் போதாது' என்று இணையத்தில் நிரப்பி என் அலைச்சலை மிச்சப்படுத்தியவனே அவன்தான். இவனை எப்படித் திருத்துவது?

பதில்: நூலகம் கிடக்கட்டும். அந்தப் படிவத்துக்கு வாருங்கள்.

ஆங்கிலம் போதாதா? படிக்க, எழுத, பேசத் தெரியும் என்று அதிகாரி முன் காட்டித்தானே குடியுரிமை வாங்கினீர்கள்? தேர்வுக்குப் படித்த 100 கேள்விகளில் ஒன்று, குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு எது என்பது. ஜூரியில் பணியாற்றுவது, ஃபெடரல் தேர்தலில் வாக்களிப்பது என்று நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தது நீங்கள். உங்கள் மகன் எடுக்கவில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிரீன் கார்டோடு உங்களுடன் வாழ்ந்த சிறுவன், நீங்கள் குடிமகன் ஆனதும் தானாகவே குடிமகன் ஆகிவிட்டான். அப்பா கொடுத்த வாக்கில்தான் அவன் குடியுரிமையே நிற்கிறது. அந்த வாக்கை மீற அவன் கையையே பிடித்துக்கொண்டீர்கள். அதற்கு ஒத்தாசை என்று பெயர் வேறு!

வேலை நெருக்கடி என்றால் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கலாம். தப்பிப்பதற்காக வேண்டுமென்றே பொய் எழுதினால் 1,000 டாலர் வரை அபராதமும் 3 நாள் வரை சிறையும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாக உறுத்துவது வேறு. விசாவில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் நாளை அங்கே பெரிய குற்ற வழக்கில் சிக்கினால், குடிமகன் இல்லாவிட்டாலும் ஜூரி விசாரணை அவனுக்கு உரிமை. தீர்ப்புச் சொல்லும் 12 பேர்தான் குடிமக்களாக இருக்க வேண்டும். நம் பேச்சும் பழக்கமும் புரிந்த ஒருவராவது அதில் இருக்க மாட்டாரா என்று அவன் தாய் தவிப்பாள். நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.

வாசலுக்கு வெளியே பொய்யைப் பழக்கிவிட்டு, வீட்டுக்குள் மட்டும் உண்மை பேசும் பிள்ளையை யாராலும் வளர்க்க முடியாது.

ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, படிவத்தில் எழுதியது தவறு, ஜூரிப் பணிக்கு வரத் தயார் என்று நீதிமன்ற அலுவலகத்துக்கு எழுதுங்கள். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நூலகப் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.