ஷார்த்ரின் நீலம், கெவலாரின் மாதா

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தென்காசியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் ஜெர்மனியில், டுசெல்டோர்ஃபில் வேலை பார்க்கிறான். வரும் ஆகஸ்டில் ஆறு வாரம் அவனோடு இருக்கப் போகிறேன். பாரிஸ், பெர்லின், பிராக் மூன்றுக்கும் டிக்கெட் போட்டுவிட்டான்.

"சர்ச்சுக்கெல்லாம் ரொம்ப நேரம் ஒதுக்க வேண்டாம்மா, ஒண்ணைப் பார்த்தா எல்லாத்தையும் பார்த்த மாதிரிதான்" என்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் போய்வந்த என் அண்ணனும் அதையே சொன்னார். நான்கு நாளில் பதினொரு சர்ச் பார்த்தாராம், ஒன்றுகூட நினைவில் இல்லையாம். நீங்களோ உங்கள் பயணக் குறிப்புகளில் ஒரே ஆலயத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததாக எழுதுகிறீர்கள். அங்கே அப்படி என்ன இருக்கிறது? நான் எங்கே போகலாம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாங்கள் சைவக் குடும்பம். என் கணவர் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. இருவரும் தினமும் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போவோம். இப்போது என்னால் போக முடியவில்லை. போனால் அவர் நிற்கும் இடம்தான் கண்ணில் படுகிறது. வேறு மதத்தவர் கோயிலில் அவருக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் தவறாகுமா? ஊர் பார்க்கப் போன இடத்தில் கும்பிட்டால் அவர்கள் மனம் கோணுமா?

அன்புடன்,
தென்காசியிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தவறே இல்லை. கத்தோலிக்க ஆலயங்களில் மெழுகுவத்தி ஏற்றுகிறவரிடம் யாரும் மதம் கேட்பதில்லை. பூசை நடக்கும்போது நற்கருணை வாங்கும் வரிசையில், அதாவது குருவிடம் அப்பம் பெறப் போகும் வரிசையில், மட்டும் சேராதீர்கள். அது அவர்கள் சபையினருக்கு உரியது. அந்த நேரத்தில் இருக்கையிலேயே இருங்கள். மற்றபடி உட்காரலாம், கைகூப்பலாம், அழலாம். அழுகிறவரை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் அண்ணன் சொன்னதும் உண்மைதான். ஒரு நாளைக்கு மூன்று ஆலயம் என்று நுழைந்து, அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் மனதில் எதுவும் தங்காது. என் முதல் பயணமும் அப்படித்தான் போயிற்று. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஓர் ஊரில் ஓர் ஆலயம், அதற்கு அரைநாள். அந்த ஆலயத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போவேன். எரிந்ததா, இடிந்ததா, அங்கே வந்து அழுதவர்கள் யார், திரும்பக் கட்டியவர்கள் யார். கோபுர உயரமும் கட்டடப் பாணியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாரிஸில் மகன் உங்களை நோத்ர தாமுக்கு அழைத்துப் போவான். 2019 தீயில் கூரை எரிந்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்த ஆலயம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் கூட்டம் உங்களை ஓரிடத்தில் நிற்க விடாது. ஒரு நாளை மிச்சம் பிடித்து ஷார்த்ர் என்ற ஊரின் பேராலயத்துக்குப் போங்கள். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

1194 ஜூன் மாதம் அந்த ஆலயம் எரிந்தது. மரியாளின் ஆடை என்று அவர்கள் போற்றிய துணி ஒன்று உள்ளே இருந்தது. அதுவும் போயிற்று என்று ஊரே கலங்கி நின்றபோது, மூன்றாம் நாள் நிலவறையிலிருந்து குருமார் அதைக் கையில் ஏந்தி வெளியே வந்தார்கள் என்று சொல்வார்கள். பிறகு ஒரு தலைமுறைக்குள் இன்று நாம் பார்க்கும் ஆலயத்தின் பெரும்பகுதியை எழுப்பிவிட்டார்கள். அந்தத் தீக்குத் தப்பிய கண்ணாடி ஒன்று தெற்குப் பக்கம் இருக்கிறது. நீல ஆடை உடுத்திய மாதா, மடியில் குழந்தை. 12ஆம் நூற்றாண்டில் செய்தது.

நான் போன அன்று காலையில் மேகமூட்டம். கண்ணாடிகள் மங்கித்தான் கிடந்தன. பதினொரு மணி வாக்கில் வெயில் வந்ததும் ஒரு தூணின் மேல் நீலம் விழுந்தது. பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி கையுறையைக் கழற்றிவிட்டு அந்த நீலத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெயில் நகர நகர அவர் கையும் நகர்ந்தது. கால் மணி நேரமாவது அப்படி நின்றிருப்பார். அவருக்கு என்ன துயரம் என்று எனக்குத் தெரியாது. ஷார்த்ர் என்றால் இன்றும் எனக்கு அந்தக் கைதான்.

பெரிய சாளரங்களின் கீழ்க்கட்டங்களைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். மேலே புனிதர்களின் கதை ஓட, கீழே ரொட்டி சுடுகிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் தண்ணீர் சுமக்கிறவர்களும் தங்கள் வேலையில் இருப்பார்கள். நம் கோயில் கல்வெட்டுகளில் நுந்தா விளக்குக்கு ஆடு கொடுத்தவர்களின் பெயரைப் படித்தவர் நீங்கள். உங்களுக்கு அவர்களை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

1939இல் போர் மூண்டபோது அந்தக் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிப் பெட்டிகளில் அடைத்துப் பத்திரப்படுத்தினார்கள். 1944 ஆகஸ்டில் அமெரிக்கப் படை ஊரை நெருங்கியது. ஆலயக் கோபுரத்தில் ஜெர்மானியர் ஒளிந்திருப்பார்கள் என்று ஐயப்பட்டு அதன்மேல் பீரங்கியால் சுட இருந்தார்கள். வெல்பார்ன் கிரிஃபித் என்ற கர்னல் தானே உள்ளே போய் மேலே ஏறிப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்து, சுடுவதை நிறுத்தினார். அன்றே பக்கத்திலுள்ள லெவ் என்ற ஊரில் நடந்த சண்டையில் அவர் இறந்தார். கல் எழுப்பியவர்களின் வரிசையில் நான் அவரையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

அதே லெவ் ஊரில்தான் போருக்குப் பிறகு கேப்ரியல் லுவார் என்ற கண்ணாடிக் கலைஞர் பட்டறை வைத்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெர்லினில் நீங்கள் பார்க்கப் போகும் நீலம் அவருடையது.

பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் நினைவாலயத்துக்குப் போங்கள். 1943 நவம்பரில் குண்டுவீச்சில் சிதைந்தது. கோபுரம் முறிந்த பல்லைப் போல இன்றும் நிற்கிறது. புதிய ஆலயம் கட்ட வந்த எகோன் ஐயர்மான் அந்த முறிந்த கோபுரத்தையும் இடித்துவிடத்தான் முதலில் வரைபடம் போட்டார். ஊர்மக்கள் விடவில்லை. எனவே அதை அப்படியே நிறுத்தி, பக்கத்தில் எண்கோண வடிவில் புதிய ஆலயத்தை எழுப்பினார். 1961 டிசம்பரில் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்க்கச் சாம்பல் நிறக் கான்கிரீட் பெட்டி போலிருக்கும், உங்கள் மகன் இதற்கா வந்தோம் என்று கேட்கக்கூடும். கதவைத் தாண்டி உள்ளே போனால் சுற்றிலும் நீலம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். இரட்டைச் சுவர் என்பதால் வெளியே ஓடும் பேருந்துகளின் சத்தம் உள்ளே வராது. ஷார்த்ரின் பக்கத்திலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர், தன் நாட்டை ஆக்கிரமித்திருந்த நாட்டின் தலைநகருக்குச் செய்து அனுப்பிய நீலம் இது. போர் முடிந்து பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இதை எப்படி அவர்களால் செய்ய முடிந்தது என்று மட்டுமே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஓர் ஓவியம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். 1942 கிறிஸ்துமஸுக்கு, ஸ்டாலின்கிராட் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட ஜெர்மன் படையின் மருத்துவர் கூர்ட் ராய்பர் வரைந்தது. அவர் போதகரும்கூட. நல்ல தாள் இல்லாததால் ருஷ்ய நிலப்படம் ஒன்றின் பின்பக்கத்தில் கரியால் வரைந்தார். ஒரு தாய், முக்காட்டுக்குள் குழந்தையை ஒடுக்கி அணைத்திருக்கிறாள். ஓரத்தில் ஒளி, வாழ்வு, அன்பு என்று மூன்று சொற்கள். பதுங்குகுழியின் சுவரில் அதை மாட்டினார். படம் தப்பி வீடு சேர்ந்தது. ராய்பர் சிறைப்பட்டு, 1944 தொடக்கத்தில் ருஷ்ய முகாமில் இறந்தார். குண்டு விழுந்த இங்கிலாந்தின் கவன்ட்ரியிலும், ஸ்டாலின்கிராடாக இருந்த வோல்கோகிராடிலும் அதன் பிரதிகள் இருக்கின்றன.

வெளியே வரும்போது படிக்கட்டைக் கவனித்து இறங்குங்கள். 2016 டிசம்பரில் அந்தச் சதுக்கத்தின் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் ஒருவன் லாரியை ஓட்டிப் பலரைக் கொன்றான். இறந்தவர்களின் பெயர்களைப் படிகளில் எழுதி, குறுக்கே ஒரு விரிசலைப் பொன்னிற உலோகத்தால் நிரப்பியிருக்கிறார்கள்.

கவன்ட்ரிக்கு இம்முறை உங்களால் போக முடியாது, அதற்குத் தனி விசா வேண்டும். என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மன் விமானங்கள் எரித்த ஆலயம் அங்கே கூரையில்லாமல் நிற்கிறது. பீடத்துக்குப் பின்சுவரில் 'பிதாவே மன்னியும்' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். வேதத்தில் 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்று இருக்கிறது. 'இவர்களுக்கு' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். தமிழ் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இந்த ஒரு சொல்லின் எடை தெரியும்.

பிராகில் பிங்கஸ் யூத ஆலயம் ஒன்று போதும். செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகளால் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள், எண்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, சுவர் முழுக்கக் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. கல்லறை இல்லாதவர்களுக்கு அதுதான் கல்லறை. மாடியில் தெரேசீன் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. குழந்தைகளோடு வாழ்ந்தவர் நீங்கள், உடன் மகன் இருக்கும்போது மட்டும் மாடிக்குப் போங்கள்.

இனி உங்கள் மகன் ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள இடம். டுசெல்டோர்ஃபிலிருந்து கிளேவே போகும் ரயிலில் ஒரு மணி நேரத்தில் கெவலார் வரும். 1641இல், முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஹென்ரிக் புஸ்மான் என்ற சிறு வியாபாரி அந்த வழியாகப் போனார். வழியோரச் சிலுவை ஒன்றின் முன் நின்று ஜெபிக்கையில், 'இங்கே எனக்கு ஒரு கோயில் கட்டு' என்ற குரல் கேட்டது. மூன்று முறை கேட்டது என்கிறார்கள். காசு காசாகச் சேர்த்து அவர் எழுப்பிய சிறு மாடத்தில், 1642 ஜூன் முதல் தேதி மாதாவின் படம் ஒன்றை வைத்தார்கள். முன்பு போர்வீரர்கள் விற்கக் கொண்டுவந்தபோது விலை கட்டாது என்று அவர் மனைவி வாங்காமல் விட்ட படம். தாளில் அச்சிட்டது, தபால் அட்டையைவிடச் சிறியது. அத்தனை பெரிய யாத்திரைத் தலத்தின் நடுவில் இன்றும் இருப்பது அந்தத் தாள்தான். படத்துக்குப் பெயர் துயருறுவோரின் தேற்றரவு.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அங்கே தமிழர் திருவிழா. போருக்குத் தப்பி ஐரோப்பாவெங்கும் சிதறிய ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். தமிழில் பூசை, தமிழில் பாட்டு. திருநீறும் குங்குமமுமாக வந்து கும்பிடும் சைவர்களும் நிறைய. இலங்கையின் மன்னாரில் மடு மாதாவிடம் அவர்கள் எப்போதும் போனவர்கள்தாம். மடுவையும் போர் விடவில்லை. 2008இல் அந்தச் சிலையையே தூக்கிக்கொண்டு இடம்பெயர வேண்டியிருந்தது. கெவலாரில் என் பக்கத்தில் நின்ற ஒரு முதிய அம்மா சொன்னார்: "நாங்கள் சைவம்தான் தம்பி. மடுவுக்குப் போக ஏலாமல் போச்சுது. அம்மா எங்களைத் தேடி இங்க வந்திட்டா." முந்நூற்றெழுபது வருஷத்துக்கும் முன் வேறொரு போரின் நடுவில் வைத்த தாள் படத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார்.

தேதியை மகனை விட்டு இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். நம் கோயில் வேண்டும் என்று தோன்றினால் ஜெர்மனியிலேயே ஹம் என்ற ஊரில் காமாட்சி அம்பாள் கோயிலும் இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. ஆனால் விசுவநாதர் கோயிலுக்குள் போக முடியாத உங்களுக்கு, முதலில் கெவலார் எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே அவர் நின்ற இடம் என்று எதுவும் கிடையாது.

கூட்டம் கலைந்த மாலையில் போங்கள். படத்தை வெளியில் நின்றே பார்க்கும்படி சிறு கோயிலில் சாளரம் வைத்திருக்கிறார்கள். மெழுகுவத்திக்குச் சில்லறை நாணயங்கள் கையில் இருக்கட்டும். ஏற்றுமிடம் திறந்தவெளி என்பதால் காற்றில் தீக்குச்சி நிற்காது. பக்கத்தில் எரியும் வத்தியிலிருந்து பற்றவைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அன்புடன்