ஒரே ஒரு நாள்: வெனிஸா, ஃப்ளோரன்ஸா?

கேள்வி: மகள் மிலானில் மேற்படிப்பு படிக்கிறாள். மே மாதம் நானும் கணவரும் அவளைப் பார்க்கப் போகிறோம். அவளுக்கு வகுப்பு இருக்கிற ஒரு நாளில் நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் போய்வர ஆசை. காலையில் வெனிஸ், மாலையில் ஃப்ளோரன்ஸ் என்று கணவர் திட்டம் போட்டிருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அவர் அசைவம், நான் சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வேன். இந்தத் திட்டம் சரிவருமா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. ரயில் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் முடியும் போலத்தான் தெரியும். ஆனால் பாதி நாள் ரயிலிலேயே கழிந்துவிடும். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி ஏறி இறங்குவது உங்கள் கணவரின் முழங்காலுக்கு ஆகாது. அந்த இரண்டு ஊரையும் மகளோடு நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நாளைக்கு பொலோன்யா போங்கள். மிலானிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அந்த ஊரை நான் சொல்வதற்கு முதல் காரணம் அதன் தெருக்கள். வீடுகளின் மாடி தெருப்பக்கம் நீண்டு, தூண்கள் அதைத் தாங்க, கீழே நிழலான தாழ்வாரம் ஓடுகிறது. பல்கலைக்கழகம் 1088 முதல் இருக்கும் ஊர் அது. மாணவர்களும் வியாபாரிகளும் வந்து குவிய, இடம் போதாமல் மாடிகளை வெளியே நீட்டிக் கட்டினார்கள். புது வீடு கட்டினால் தாழ்வாரம் வைத்தே ஆகவேண்டும் என்று 1288-இல் சட்டமே போட்டார்கள். பழைய நகரத்தில் மட்டும் ஏறக்குறைய 38 கிலோமீட்டர் இப்படி நடக்கலாம். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. வெயிலோ மழையோ, அவசரமில்லாமல் நடக்கலாம். கால் வலித்தால் பக்கத்திலேயே ஒரு காபிக் கடை இருக்கும். காபியை நின்றபடி குடித்தால் விலை குறைவு. ஆனால் நீங்கள் உட்கார்ந்தே குடியுங்கள், கூடக் கொடுக்கும் காசு வீண்போகாது.

ரயில் நிலையத்திலிருந்து இந்திபெந்தென்ஸா தெரு வழியே நேராக நடந்தால் மஜ்ஜோரே சதுக்கம். அங்கே பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் ஒரு வளைவு மண்டபம். அதன் எதிரெதிர் மூலைகளில் சுவரைப் பார்த்து இருவரும் நில்லுங்கள். ஒருவர் மெல்லப் பேசினால் மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும். தம்பதியாகப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம்.

சதுக்கத்திலேயே இருக்கிறது சான் பெத்ரோனியோ தேவாலயம். 1390-இல் தொடங்கிய கட்டடம். முகப்பின் கீழ்ப்பாதிக்குத்தான் பளிங்கு, மேலே வெறும் செங்கல். உள்ளே தரையில் சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு ஓடும். வானியலாளர் கஸ்ஸீனி 1655-இல் அமைத்தது. கூரையில் உள்ள சிறு துளை வழியே வரும் வெயில் வட்டம், சூரியன் உச்சிக்கு வரும்போது அந்தக் கோட்டைக் கடக்கும். மே மாதம் அங்கே கடிகாரப்படி மதியம் 1.10 வாக்கில் அது நடக்கும். பகலில் தேவாலயம் மூடும் நேரத்தை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வெயில் வட்டம் வரும்வரை பக்கத்திலுள்ள குவாத்ரிலாதெரோ சந்தைச் சந்துகளில் சுற்றலாம்.

அப்புறம் சாப்பாடு. மதியச் சமையலறை பெரும்பாலும் 2.30 வாக்கில் மூடிவிடும், அதனால் 1.30-க்கு மேசை சொல்லிவையுங்கள். பொலோன்யா அசைவ ஊர்தான், மறைக்கவில்லை. ஆனாலும் உங்களுக்குக் குறையிருக்காது. பூரணம் வைத்த சிறு பாஸ்தாவான தோர்தெல்லினி கேட்காதீர்கள், அதற்குள் பன்றி இறைச்சி. அதைவிடப் பெரிதான தோர்தெல்லோனியில் வழக்கமாக ரிகோத்தா பாலாடைக்கட்டிதான் முக்கியமாக இருக்கும். அதை வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். மாவில் முட்டை உண்டு, உங்களுக்குப் பரவாயில்லை. பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது; அது ஒத்துவராது என்றால் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தோர்தெல்லோனிப் பூரணத்திலும் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணவருக்கு ராகூ என்ற இறைச்சிக் குழம்பு ஊற்றிய தாலியதெல்லே, அதாவது நாடா போன்ற பாஸ்தா. ராகூவில் மாடு, பன்றி இரண்டும் கலந்திருக்கும், அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பில்லில் ஆளுக்கு ஓரிரண்டு யூரோ ‘கோபெர்த்தோ’ என்று இருக்கும். அது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை.

சாப்பிட்டு எழ மூன்றரை ஆனாலும் ஆகட்டும். பிறகு ஒரே ஓர் இடம் போதும்: ஆர்கிஜின்னாஸியோ. பழைய பல்கலைக்கழகக் கட்டடம். சுவரெங்கும் மாணவர்களின் குலச்சின்னங்கள். மாடியில் உடற்கூறு கற்பித்த மர அரங்கம் 1944 குண்டுவீச்சில் நொறுங்கி, மீண்டும் கட்டப்பட்டது. ஊரின் அடையாளமான இரட்டைக் கோபுரங்களைக் கீழிருந்து பார்த்தால் போதும். சாய்ந்த கரிசெந்தா கோபுரத்தின் நிலைமை கவலை தந்ததால் 2023 முதல் பக்கத்திலுள்ள உயரமான கோபுரத்திலும் ஏற விடுவதில்லை. மலைமேல் சான் லூக்கா கோயிலுக்கு 666 வளைவுகள் கொண்ட தாழ்வாரம் ஏறுகிறது. அது இந்தப் பயணத்துக்கு வேண்டாம். மாலையில் சாந்தோ ஸ்தேஃபனோ சதுக்கத்தில் ஜெலாத்தோ ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

திரும்பும்போது ஒன்று: அதிவேக ரயில் நிற்கும் நடைமேடைகள் நிலத்துக்கு அடியில் ஆழத்தில் இருக்கின்றன. லிஃப்ட் உண்டு, ஆனால் இறங்க நேரம் பிடிக்கும். ரயிலுக்கு அரை மணி முன்பே நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.