உண்ணி நாய்மேல் இல்லை, சுவரில் இருக்கிறது: கேள்வி பதில்

கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்து உண்ணியை விரட்டுவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மதுரையிலிருந்து: அக்கா, வாராவாரம் நாய்க்கு வேப்பெண்ணெய் தடவிக் குளிப்பாட்டுகிறேன். நாலே நாளில் திரும்ப உண்ணி. வேப்பெண்ணெய் வேலையே செய்யாதா?

செய்யும். ஆனால் நீங்கள் தடவுவது நாய்மேல்; உண்ணியில் பெரும்பங்கு இருப்பதோ வீட்டுச் சுவரில். நம் ஊர் நாய்களில் அதிகம் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு நாய்மேல் ஏறும், ரத்தம் குடிக்கும், இறங்கிப் போய் எங்காவது இடுக்கில் தோலுரிக்கும். அப்புறம் எட்டுக் காலோடு மறுபடி ஏறி இறங்கும். மூன்றாவது தடவை ஏறுவதுதான் வளர்ந்த உண்ணி. பெண் உண்ணி ஆமணக்கு முத்து மாதிரி ஊதி, இறங்கி, விரிசலுக்குள் புகுந்து 4000 வரை முட்டை போடும். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணியாக இரண்டு மாதம் போதும். பட்டினி கிடக்கவும் அதற்குத் தெரியும், மாதக்கணக்கில்.

என் கதையையே சொல்கிறேன். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்ன நான், என் வீட்டு நாய்க்கு நாலு மாதம் தெளித்துத் தெளித்து அலுத்துவிட்டேன். ஒருநாள் வெள்ளையடிக்க வந்தவர் பின்கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த விரிசலைச் சுரண்டினார். உள்ளே கடுகு கொட்டியது போல உண்ணி. நாய் தினமும் படுப்பது அந்தக் கதவடியில்தான்.

வேப்பெண்ணெயை இப்படிக் கலக்குங்கள். 10 மில்லி எண்ணெயில் முதலில் கொஞ்சம் சோப்புக் கரைசலோ, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரோ விட்டு அடியுங்கள். பிறகு 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைச் சேர்த்தால் பால்போல வரும். எண்ணெய் தனியாக மிதந்தால் கலவை சரியில்லை. முதலில் தொடையில் சின்ன இடத்தில் தடவி, ஒருநாள் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள். காது மடலுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் மறக்காமல் தடவுங்கள். கண்ணிலும் புண்ணிலும் படக்கூடாது. நாய் நக்குகிறது என்றால் சில மணி நேரத்தில் கழுவிவிடுங்கள். வாரம் ஒருமுறை, குறைந்தது 8 வாரம். இரண்டாம் வாரமே ஒன்றும் காணோமே என்று நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப என்னிடம் வருகிறார்கள்.

திருச்சியிலிருந்து: சுவரில் இருப்பதை எப்படி ஒழிப்பது? வாடகை வீடு.

விரிசல்களை சிமெண்டோ புட்டியோ வைத்து அடையுங்கள். வீட்டுக்காரர் கேட்டால் செலவு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள், சம்மதிப்பார். அடைக்க முடியாத தரை இடுக்குகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றலாம், நாயும் குழந்தையும் பக்கத்தில் இல்லாதபோது. நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கி, கொளுத்தும் வெயிலில் போடுங்கள். சுண்ணாம்பு அடிப்பது பழைய வழி, நல்ல வழி. அது உண்ணியை விரட்டுகிறதோ இல்லையோ, சின்னச் சின்ன ஓட்டைகளை மூடுகிறது. நன்றாகக் காயும் வரை நாயை விடாதீர்கள், ஈரச் சுண்ணாம்பு பாதத்தைப் பொத்துவிடும்.

நாமக்கல்லிலிருந்து: அம்மா, கறவை மாட்டுக்கு மடி, தொடை இடுக்கெல்லாம் உண்ணி. ஊசி போட்டால் பாலை விற்கக்கூடாது என்கிறார்கள். மூலிகையில் வழி உண்டா?

உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மருத்துவத்தில் வரும் கலவை இது: பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டித் தெளிப்பானில் ஊற்றுங்கள். வெயில் ஏறிய பிறகு மாட்டின் உடம்பு முழுக்கத் தெளிக்க வேண்டும். கொட்டகை விரிசல்களிலும் அடியுங்கள். சரியாகும் வரை வாரம் ஒருமுறை. கறக்கும் முன் மடியை நன்றாகக் கழுவிவிடுங்கள், பாலில் பூண்டு நாற்றம் வந்தால் சொசைட்டியில் வாங்க மாட்டார்கள்.

உண்ணிச்செடி இலையை மாடு தின்றுவிடக்கூடாது. ஈரலைக் கெடுக்கும், வெயில் பட்டால் தோல் வெந்து உரியும். அரைத்த சக்கையைக் காடியில் கொட்டாமல் குழியில் புதையுங்கள்.

மாட்டு உண்ணி நாய் உண்ணியைப் போல ஏறி ஏறி இறங்காது. ஏறினால் சுமார் மூன்று வாரம் அதே மாட்டின் மேல்தான். அதனால் மாட்டின்மேல் தெளிப்பதற்கு இங்கே பலன் அதிகம்.

மண்ணெண்ணெய் தடவலாமா? (ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்)

கூடாது. தோல் வெந்துபோய் வந்த நாய்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெட்ரோல், டர்பென்டைன், வயலுக்கு அடிக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் இதே பதில்.

நாய்ச்சோற்றில் பூண்டு கலந்து போட்டால் உண்ணி வராதாமே?

உண்ணி வரும், ரத்தசோகையும் சேர்ந்து வரும். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

கோவையிலிருந்து: பூனைக்கு என்ன தடவலாம் அக்கா?

ஒன்றும் தடவாதீர்கள். பூனை தன் உடம்பில் பட்டதையெல்லாம் நக்கி விழுங்கும், அதன் ஈரலால் பல எண்ணெய்களைச் சமாளிக்க முடியாது. டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம், தைலம் எல்லாம் அதற்கு விஷம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றேவிடும். நெருக்கமான பல் கொண்ட சீப்பால் தினமும் சீவி, வருவதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். சீவும்போது குதித்து ஓடுவது தெள்ளுப்பூச்சி. உண்ணி குதிக்காது.

ஊட்டியிலிருந்து: மனிதர்களுக்கு நீலகிரித் தைலம் தடவினால் போதும்தானே?

உங்கள் ஊர்ச் சரக்கைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். வெளிநாட்டுச் சுகாதாரத் துறைகள் உண்ணிக்குப் பரிந்துரைக்கும் யூகலிப்டஸ் எண்ணெய் வேறு மரம், எலுமிச்சை வாசமடிக்கும் வகை. அதையும் பதப்படுத்தி, பி.எம்.டி. என்ற பொருளைக் கூட்டித்தான் விற்கிறார்கள். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதுவும் கூடாது. நம் நீலகிரித் தைலம் சளிக்கு நல்லது, உண்ணிக்கு நம்பாதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வலிப்பு வரும், உயரத்தில் வையுங்கள். புதருக்குள் போகிறவர்கள் முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது எந்த எண்ணெயையும்விட மேல்.

கூடலூரிலிருந்து: குரங்குக் காய்ச்சல் பயமாக இருக்கிறது. விறகு பொறுக்கக் காட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

பயம் நியாயமானதுதான். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் கியாசனூர் காட்டில் முதலில் கண்ட நோய், பிறகு உங்கள் பக்கமும் வயநாட்டிலும் தெரியவந்தது. இதைப் பரப்புவது காட்டு உண்ணி. இந்த நோய்க்கு வேப்பெண்ணெயை நம்பிக் காட்டுக்குள் போக வேண்டாம். கர்நாடகத்தில் சுகாதாரத் துறையே உடம்பில் தடவிக்கொள்ள டெப்பா என்ற பூச்சிவிரட்டி எண்ணெய் கொடுக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சருகுமேல் உட்காராதீர்கள். திரும்பியதும் உடுப்பை வெந்நீரில் போட்டுவிட்டுக் குளியுங்கள். செத்த குரங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வேலூரிலிருந்து: நாய் உண்ணி கடித்தால் உண்ணிக்காய்ச்சல் வருமா?

பேர்தான் குழப்புகிறது. ஸ்க்ரப் டைபஸைத்தான் இங்கே உண்ணிக்காய்ச்சல் என்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் செஞ்சிலந்தி வகையின் குஞ்சால் வருவது. புல்லிலும் புதரிலும் இருக்கும். மழை முடிந்த குளிர்மாதங்களில் அதிகம். காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். நாய் உண்ணியும் சும்மா இல்லை, வேறொரு டைபஸ் காய்ச்சலைப் பரப்பக்கூடியது. அதனால் நகத்தால் நசுக்காதீர்கள்.

பிள்ளையின் காதுக்குப் பின்னால் உண்ணி ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் விட்டோம், விழவில்லை.

எண்ணெய், நெருப்பு, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து: மேடம், எல்லாம் செய்தும் நாய் சோர்ந்து கிடக்கிறது. ஈறு வெளுத்திருக்கிறது.

இதை எழுதி அனுப்பிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். உண்ணி வழியாக எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகள் ரத்தத்துக்குள் போயிருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குணமான பிறகு உண்ணிக்கான மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள், சிலது ஒரு மாதத்துக்கும் சிலது மூன்று மாதத்துக்கும் வேலை செய்யும். இயற்கை வழிதான் வேண்டும் என்று நாயைப் பணயம் வைக்காதீர்கள்.

புதுக்கோட்டையிலிருந்து: தோட்டத்தில் கோழி விட்டால் உண்ணியைத் தின்றுவிடுமாமே?

தின்னும். மாடு படுத்திருக்கும்போது கோழி கொத்தியெடுப்பதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கூடவே புல்லை ஒட்ட வெட்டி, சருகை அள்ளி, தரையில் வெயில் விழும்படி வையுங்கள். உண்ணி முட்டைக்கு ஈரம் வேண்டும். ஒரு விஷயம் மட்டும். கோழிக்கென்றே தனி உண்ணி இருக்கிறது. பகலில் கூண்டுப் பலகை இடுக்கில் ஒளிந்து, ராத்திரி வந்து கடிக்கும். கூண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.