மாடியறைக்கு எட்டாத வைஃபை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: புதிதாக ஃபைபர் இணைப்பு எடுத்திருக்கிறோம். இணைப்புக் கொடுக்க வந்தவர் வாசல் அறையில் டி.வி.க்குப் பின்னால் ரவுட்டர் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். ஹாலில் செல்போனில் எல்லாம் நன்றாக வருகிறது. மாடியில் பின்பக்க அறையில் என் மகள் மடிக்கணினியைத் திறந்து ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. கடைக்காரர் ‘ரிப்பீட்டர்’ வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். கோளாறு இணைப்பிலா, வைஃபையிலா, மடிக்கணினியிலா என்பது தெரியாமல் வாங்கும் கருவி பெரும்பாலும் பரணுக்குத்தான் போகிறது.

மடிக்கணினியைப் பெட்டிக்கு அருகில் கொண்டுவந்து, லேன் கேபிளால் நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். மடிக்கணினியில் லேன் துளை இல்லையென்றால் யு.எஸ்.பி.யில் செருகும் அடாப்டர் கடைகளில் கிடைக்கும். 100 மெகாபிட் திட்டம் எடுத்திருந்தால் 90க்கு மேல் காட்ட வேண்டும். இதை மெகாபைட் என்று நினைத்துக்கொண்டு நிறுவனத்தோடு சண்டை போடுபவர்கள் உண்டு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. கேபிளில் வேகம் சரியாக இருந்தால் இணைப்பில் பழுதில்லை. அடுத்து கேபிளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வைஃபையில் சோதியுங்கள். அங்கேயே வேகம் சரிந்தால் மடிக்கணினியைச் சந்தேகிக்க வேண்டும், மாடிக்குப் போன பிறகு மட்டும் சரிந்தால் வழியில் இருக்கும் சுவர்களைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. வைஃபை அலைகள் மரக் கதவை எளிதாகக் கடந்துவிடும். செங்கல் சுவரில் ஓரளவு வலுவிழக்கும். உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் வெகுவாகத் தேய்ந்துபோகும். இரும்பு பீரோவும், பின்புறம் ரசம் பூசிய பெரிய நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் நிறைந்த தொட்டி அதை விழுங்கிவிடும். உலோகத் தகடுகள் கொண்ட டி.வி.க்குப் பின்னால் பெட்டியை ஒளித்து வைப்பது, பார்வைக்கு அழகாக இருந்தாலும், அலைக்கு முதல் தடையை நாமே எழுப்பிக் கொடுப்பதாகும்.

ஆகவே பெட்டியை மாடிப்படி தொடங்கும் இடத்துக்கு அருகில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்ட முடியுமா என்று பாருங்கள். படிக்கட்டு ஏறும் இடத்தில் கான்கிரீட் தளம் திறந்திருப்பதால் அலைக்கும் அதுவே வழி. ஃபைபர் கேபிளை நீங்களே வெட்டவோ மடக்கவோ கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பெட்டியை நகர்த்தித் தரும்படி இணைப்புக் கொடுத்தவரையே கேளுங்கள். குச்சி ஆண்டெனாக்கள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அவை நுனியிலிருந்து அல்ல, பக்கவாட்டில்தான் அலையைப் பரப்புகின்றன. எல்லாவற்றையும் நெட்டுக்குத்தாக நிறுத்தினால் கீழ்த்தளம் முழுவதும் அலை பரவும், மாடிக்குக் குறைவாகவே போகும். ஒன்றை மட்டும் படுக்கை வாட்டில் சாய்த்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் மாடியறைக்கு எட்டவில்லையென்றால்தான் இரண்டாவது கருவி. சாதாரண ரிப்பீட்டர், பெட்டியின் அலையை ஒரே அலைவரிசையில் வாங்கி, அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்வதால், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதையும் பலர் அலை வராத அறையிலேயே செருகுகிறார்கள். தனக்கே எட்டாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? என்னைக் கேட்டால், பெட்டியிலிருந்து மாடிக்கு ‘கேட் 6’ வகை லேன் கேபிள் ஒன்றை இழுத்து, அங்கே ஒரு ரவுட்டரை வைப்பதே நிலையான தீர்வு. வீட்டுக்குள் ஓடும் தூரம் இந்தக் கேபிளுக்கு ஒரு பொருட்டல்ல. 100 மீட்டர் வரை தாங்கும். பழைய ரவுட்டர் கையில் இருந்தால் அதுவே போதும். கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் அதன் ‘ஆக்சஸ் பாயின்ட்’ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த அமைப்பு இல்லாவிட்டால், அதன் முகவரியை, கீழே உள்ள பெட்டி 192.168.1.1 என்றால் 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் ‘டி.ஹெச்.சி.பி.’யை நிறுத்திவிட்டு, கேபிளை, வெளியிணைப்புக்கான ‘வான்’ துளையில் அல்லாமல் ‘லேன்’ துளையில் செருகுங்கள். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால் மடிக்கணினி தானாகவே பொருத்தமானதைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் ரவுட்டரில் இரண்டு பெயர்கள் வருகின்றன, ஒன்றில் ‘5ஜி’ என்று இருக்கிறது. செல்போனில் தெரியும் அந்தப் பெயர் பழைய மடிக்கணினியில் தெரியவில்லையே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இது செல்போன் சேவையின் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. உங்கள் மடிக்கணினியின் வைஃபை அட்டை 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறிந்ததாக இருக்கலாம். விண்டோஸின் ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் அட்டையின் பெயரைப் பாருங்கள். அதில் ‘பி, ஜி, என்’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்து ‘ஏசி’யோ ‘ஏஎக்ஸ்’ஸோ இல்லையென்றால் பெரும்பாலும் அதுதான் காரணம். இரு அலைவரிசைகளையும் பிடிக்கும் யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றைச் செருகினால் போதும். மடிக்கணினியையே மாற்ற வேண்டியதில்லை. 2.4லேயே தொடர்வதானால், அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு மோதாதபடி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், சானல் (அலைவரிசைக்குள் உள்ள தடம்) 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை.

கேள்வி: கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே இருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டுமா? எங்கள் வீட்டில் திருடுவதற்கு என்ன இருக்கிறது? (வாசகர், மதுரை)

பதில்: திருடுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் உங்கள் இணைய முகவரி இருக்கிறது; உங்கள் வைஃபையில் யார் எதைச் செய்தாலும் அது உங்கள் இணைப்பிலிருந்து போனதாகவே தெரியும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்பு அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாகப் போனதாகத் தெரியவந்து, காவல்துறை முதலில் அவருடைய வீட்டுக் கதவைத்தான் தட்டியது.

எனவே மாற்றுங்கள், அதுவும் இரண்டை: வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல் ஒன்று, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கான கடவுச்சொல் இன்னொன்று. இரண்டாவதைப் பெரும்பாலானோர் தொடுவதே இல்லை. பாதுகாப்பு முறையில் ‘டபிள்யூ.பி.ஏ.3’ இருந்தால் அதையும், மடிக்கணினி அதை ஏற்காவிட்டால் ‘டபிள்யூ.பி.ஏ.2’வையும் வையுங்கள். பழைய ‘வெப்’ (WEP) பாதுகாப்பு முறையைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ எண்ணாலோ வைஃபையில் சேர உதவும் ‘டபிள்யூ.பி.எஸ்.’ வசதியை அணைத்துவிடுங்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பதால் பெரிய பயன் எதுவும் இல்லை. விருந்தினருக்குப் பெயர் சொல்லிச் சொல்லி உங்களுக்குத்தான் அலுத்துப்போகும். அவர்களுக்காக ‘கெஸ்ட்’ என்ற தனிப் பெயரைத் திறந்து, அதற்கு வேறு கடவுச்சொல் கொடுத்துவிடலாம்.